வராக்கடன்

கரண்ட் வருவது இரவு ஒரு மணிக்கு.
ஐந்துக்குப் போய்விடும்.
பயின்னவுங் சந்தையில் உளுந்து மூட்டைகளுக்கு நடுவே
தும்மலை அடக்கிக்கொண்டு நான் கணினியோடு பேசுவது
அந்த நாலு மணி நேரம்தான்.

நிரல் எழுதப் படித்தவள் இல்லை நான்.
பர்மியத்தில் சிட்டை, தமிழில் பேரேடு,
இரண்டுக்கும் நடுவில் ஒரு கால்குலேட்டர்:
பதினோரு வருடமாய் இதுதான் என் படிப்பு.
இப்போது பேச்சு வழக்கில் சொன்னால் போதுமாம்,
அதுவே எழுதிக்கொள்ளுமாம்.
சொன்னேன்.

"மூட்டை நூறுக்குக் கீழ போனா
முதலாளிக்குச் சொல்லு."

போனா-வின் வாலில் தொங்கிய நிபந்தனையைப் பிடுங்கி
முதல் வரியின் தலையில் நட்டது.
நமக்கு அது கடைசியில்தான் வரும்,
பந்தி முடிந்து கை கழுவும்போது
மெல்ல எடுக்கும் பணப் பேச்சு போல.
அதற்கு வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரமே
நூற்றுக்குப் பதினாலு மூட்டை காணவில்லை.
முதலாளி ரங்கநாயகம் காவல்காரன் கோ டேயைப் பார்த்தார்.
கோ டே என்னைப் பார்த்தான்.
நான் திரையைப் பார்த்தேன், இரண்டு ராத்திரி.

திருடியது வீசை.
அது படித்த தமிழில் ஒரு வீசைக்கு
ஆயிரத்து நானூறு கிராம்.
இங்கே ஆயிரத்து அறுநூற்று முப்பத்து மூன்று.
கப்பலேறி வந்த இடத்தில் வீசை கனத்துவிட்டது.
அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை போல.
"இது இந்த ஊர் வீசை" என்றேன்.
செய்தித்தாள் தமிழில் வருத்தம் தெரிவித்துத்
திருத்திக்கொண்டது.
கோ டேக்கு மறுநாள் நான் வாங்கிக் கொடுத்த மொஹிங்காவை
அவன் பேசாமல் சாப்பிட்டான்.

அப்புறம் கடன்காரர்கள்.
"யார் என்ன சொல்லிட்டுப் போனாங்களோ
அதுப்படி கணக்கை வெச்சுக்கோ."
சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

"பாத்துப் போட்டுக்குங்க" என்றிருந்தார் பெகு மளிகைக்காரர்.
எதைப் பார்த்து, எவ்வளவு போட, என்று கேட்டது.
சிரிப்பு வந்தது.
பதிலும் தெரியவில்லை.

சூசை, ஜியாவடி லாரிக்காரன்.
முப்பது மூட்டை துவரை, பாதிப் பணம் பாக்கி.
மழைக்கு முன் ஒரு மதியம்
தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு
என் மேசைப்பக்கம் தலையை மட்டும் நீட்டினான்:
"போயிட்டு வரேன்."
பட்டாளத்துப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்றார்கள்.
எல்லை தாண்டி மே சோட்டில் பார்த்ததாகவும் சொன்னார்கள்.
சொன்னவர்கள் இரண்டு பேரும்
இன்னொருவர் சொன்னதாகத்தான் சொன்னார்கள்.

அவன் சொன்னதைக் கணினி இப்படி எழுதியிருந்தது:
*சென்றார்.*
*திரும்பும் வரை காத்திரு.*
*திரும்பியதும் கணக்கை முடி.*

ராத்திரி ஒரு மணிக்கு, கரண்ட் வந்ததும்
எழுந்து கேட்கிறது: வந்தாரா?
இல்லை என்று தானே போட்டுக்கொண்டு
அடுத்த வரிக்குப் போகாமல் நிற்கிறது.
நாலு மாதமாய்.
முதலாளி ஒரே சொல்லில் முடிக்கச் சொல்கிறார்:
வராக்கடன்.

உட்கார்ந்து விளக்கினேன்.
போகிறவர்கள் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டோம்,
அது அபசகுனம்.
கடைக்குப் போனாலும் கடல் தாண்டினாலும்
வரேன் என்பதுதான் வழக்கம்.
அதை வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

புள்ளி சிமிட்டியது.
பிறகு கேட்டது:
அப்படியானால், திரும்பி வர நினைக்காதவர்
என்ன சொல்லிவிட்டுப் போவார்?

நாலே முக்கால்.
வெளியே முதல் லாரி பின்பக்கமாய் நுழையும் சத்தம்.
விசைப்பலகையில் துவரைத் தூசி.
வராக்கடன் என்று பாதி அடித்து அழித்தேன்.

"வட்டியை மட்டும் நிறுத்து" என்றேன்.
எது வரைக்கும் என்று கேட்பதற்குள்
கரண்ட் போய்விட்டது.